கிட்னிக்கு எழுதிய 'சுகர் மாத்திரை': கிரியேட்டினின் ஏறினால் நிறுத்திவிடலாமா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 58. பதினான்கு வருடமாகச் சர்க்கரை நோய், பி.பி.க்கு டெல்மிசார்டன் சாப்பிடுகிறார். சிறுநீரில் புரதம் போகிறது என்று டாக்டர் டாப்பாகிளிஃப்ளோசின் என்ற சுகர் மாத்திரை 10 மி.கி. சேர்த்தார். ஒரு மாதத்தில் ரத்தத்தில் கிரியேட்டினின் (கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவு) 1.8-இலிருந்து 2.0 ஆகிவிட்டது. பயந்துபோய் அப்பா மாத்திரையை நிறுத்திவிட்டார். செய்தது சரியா? இதைவிட நல்ல புது மருந்து உண்டா?

பதில்: உங்கள் பயம் புரிகிறது. ஆனால் இந்த அளவு ஏற்றத்துக்காக நிறுத்தியிருக்க வேண்டியதில்லை. டாக்டரிடம் நடந்ததைச் சொல்லி, மறுபடி தொடங்குவது பற்றிக் கேளுங்கள்.

சர்க்கரை நோயில் சிறுநீரக வடிகட்டிகளுக்குள் அழுத்தம் கூடிவிடும். அந்த அழுத்தத்திலேயே வருடக்கணக்கில் வேலை செய்து அவை தேய்ந்துபோகின்றன. டாப்பாகிளிஃப்ளோசின் அந்த அழுத்தத்தைக் குறைக்கிறது. அழுத்தம் குறைந்தால் முதல் சில வாரங்களில் வடிகட்டும் அளவும் சற்று இறங்கும், கிரியேட்டினின் கொஞ்சம் ஏறும். அப்பாவுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இ-ஜிஎஃப்ஆர் (கிட்னி வடிகட்டும் அளவு) 43-இலிருந்து சுமார் 38 ஆகியிருக்கிறது, அதாவது 12 சதவீதம்தான் குறைவு. 30 சதவீதத்துக்கு மேல் சரிந்தால் காரணம் தேட வேண்டும்: உடலில் நீர் வற்றியதா, நீர் மாத்திரை அதிகமா, மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக் வாங்கிப் போட்டாரா என்று.

'சுகர் மாத்திரை' என்ற பெயர்தான் பலரையும் குழப்புகிறது. 2020-இல் வெளிவந்த டாப்பா-சிகேடி ஆய்வில் 4304 பேர் இருந்தார்கள், அதில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குச் சர்க்கரை நோயே இல்லை. கிட்னியின் திறன் பாதிக்குமேல் போவது, முழுச் செயலிழப்பு, கிட்னி அல்லது இதய நோயால் மரணம், இவற்றில் ஏதாவது ஒன்று நேர்ந்தது மாத்திரை எடுத்தவர்களில் 9.2 சதவீதம் பேருக்கு, எடுக்காதவர்களில் 14.5 சதவீதம் பேருக்கு. இவர்களைக் கண்காணித்த காலம் சராசரியாக இரண்டரை வருடம்கூட இல்லை. அப்பாவின் இ-ஜிஎஃப்ஆரில் இது சர்க்கரையைப் பெரிதாகக் குறைக்காது. அதனால் குளுக்கோமீட்டரைப் பார்த்து, வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

சில நேரங்களில் மட்டும் கட்டாயம் நிறுத்த வேண்டும். வாந்தி, வயிற்றுப்போக்கு, சாப்பிட முடியாத காய்ச்சல் வந்தால் நிறுத்திவிட்டு, சாப்பாடு பழையபடி ஆனதும் தொடரலாம். ஆபரேஷன் என்றால் மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும். பட்டினியில் இந்த மாத்திரை எடுத்தால் ரத்தத்தில் அமிலம் சேரும் ஆபத்து உண்டு. சர்க்கரை அளவு சாதாரணமாக இருக்கும்போதே அது வரலாம் என்பதால் தெரியாமல் போய்விடும். விரதம் இருப்பவர் என்றால் டாக்டரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். அப்புறம், பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரலாம். அரிப்பு என்றால் கூச்சப்படாமல் சொல்லச் சொல்லுங்கள், களிம்பிலேயே பெரும்பாலும் சரியாகிவிடும்.

சரி, வேறு புது மருந்துகள்? இருக்கின்றன, ஆனால் இதற்குப் பதிலாக அல்ல, இதோடு சேர்த்து. சர்க்கரை நோயுள்ளவருக்கு இவ்வளவுக்குப் பிறகும் சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் போனால் ஃபினெரெனோன் என்ற மாத்திரை சேர்ப்பது உண்டு. அது பொட்டாசியத்தை ஏற்றும். தொடங்குமுன் பார்த்து, நான்கு வாரத்தில் மறுபடி பார்க்க வேண்டும். பி.பி.க்கு நல்லது என்று வாங்கும் 'சோடியம் குறைந்த உப்பு' பெரும்பாலும் பொட்டாசியம் உப்புதான், இளநீரிலும் பொட்டாசியம் அதிகம், இரண்டையும் ஒதுக்குங்கள். வாரம் ஒரு முறை போடும் செமாகுளூடைட் ஊசி கிட்னியைக் காக்கிறது என்று 2024-இல் ஃப்ளோ ஆய்வு காட்டியது. உடல் எடையும் அதிகம் என்றால் அதைப் பற்றிக் கேட்கலாம்.

டாப்பாகிளிஃப்ளோசினுக்கு இந்தியாவில் காப்புரிமை முடிந்து, பல கம்பெனிகள் தயாரிக்கின்றன. அதனால் விலைக்காக நிறுத்தும் நிலை பலருக்கும் வராது. அடுத்த முறை போகும்போது பழைய ரிப்போர்ட்டுகளோடு, மருந்துக் கடையில் வாங்கிய வலி மாத்திரை, நாட்டு மருந்து எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள்.