கேரன், மேரி, முனியம்மா

அன்புள்ள அக்கா,

ஒஹாயோ மாநிலத்தில் ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். பதினொரு வருடங்களுக்கு முன் நான் சேர்ந்தபோது எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் கேரன். பனியில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். போன மாதம் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தார். கடையில் வாங்கிய ரொட்டி பூசணம் பிடித்திருந்ததால் அதைத் திருப்பிக் கொடுக்கப் போகிறேன் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். என் பதினைந்து வயது மகன் சிரித்துக்கொண்டே, “அம்மா, கேரன் மாதிரி பண்ணாதே” என்றான். கடையில் மேனேஜரைக் கூப்பிடச் சொல்லி அதட்டும் பெண்களை இங்கே கேலியாகக் கேரன் என்கிறார்கள். அவனுக்கு அவர் எப்போதும் ஆன்ட்டிதான், பெயர் நினைவில் இல்லை. கேரனும் சிரித்தார். கிளம்பும்போது கார் பக்கத்தில் நின்று, “காப்பிக் கடையில் நான் இப்போதெல்லாம் கேத்தி என்றுதான் பெயர் சொல்கிறேன்” என்றார்.

மகனை மன்னிப்புக் கேட்கச் சொல்லவா, அது அவரை இன்னும் சங்கடப்படுத்துமா? கறுப்பர்களை இழிவாகச் சொல்லும் அந்த வார்த்தையை இங்கே யாரும் வாயால் சொல்வதில்லை. இதுவும் அதே மாதிரி வார்த்தைதானே? ஆண்களுக்கு மட்டும் ஏன் இப்படி ஒரு பெயர் இல்லை?

எஸ்., கொலம்பஸ்

*

அன்புள்ள எஸ்.,

காப்பிக் கடையைப் பற்றிய வரியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். காகிதக் கோப்பையில் பெயரை எழுதிக் கடை முழுக்கக் கேட்கும்படி கூப்பிடுவார்கள். அந்த ஒரு நொடிக்குப் பயந்து ஒரு பெண் தன் அம்மா அப்பா வைத்த பெயரை ஒளித்துக்கொள்கிறார். அவருக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

ஆனால் உங்கள் இரண்டாவது கேள்வி எனக்குக் கோபத்தைத்தான் வரவழைத்தது. அந்த ஒப்பீட்டை இன்னொரு முறை செய்யாதீர்கள். மனிதர்களை ஏலம் போட்ட சந்தையிலும், மரத்தில் கட்டித் தொங்கவிட்ட இடத்திலும் ஒலித்த வார்த்தை அது. அதன் பின்னால் சாட்டையும் கயிறும் இருந்தன, போலீஸும் நீதிமன்றமும் இருந்தன. கேரன் என்ற கேலிக்குப் பின்னால் எரிச்சல் இருக்கிறது, அவ்வளவுதான். மனம் நோகும், உண்மை. யாருடைய உயிரும் போகாது. பதினொரு வருடம் அந்த நாட்டில் இருந்தும் இந்த வித்தியாசம் உங்களுக்குப் படவில்லை என்றால், நம்மவர்கள் அங்கே போய் யார் கண்ணால் பார்க்கப் பழகுகிறோம் என்று கொஞ்சம் யோசியுங்கள்.

ஆண்களுக்கும் பெயர் உண்டு. அமெரிக்காவில் கென் என்கிறார்கள். ஜெர்மனியில் ‘கெவின் என்பது பெயரே இல்லை, அது ஒரு நோய்க்குறி’ என்று ஓர் ஆசிரியர் சொன்னது 2009இல் ஓர் ஆய்வில் வெளிவந்து, அது பழமொழி மாதிரியே ஆகிவிட்டது. அங்கே அது ஏழை வீட்டுப் பையன்களின் மேல் குத்தும் முத்திரை. அதைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம்.

உங்கள் கடிதம் வந்தபோது நான் வேறு ஒரு விஷயத்தில் மாட்டிக்கொண்டிருந்தேன். காந்தியின் சுயசரிதையில் தென்னாப்பிரிக்கப் பகுதியை மறுபடி படித்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு பத்தி இரண்டு வாரமாக என்னை விடவில்லை. அதற்கு வருகிறேன். முதலில் உங்கள் கேரனின் கதை.

1965இல் அமெரிக்காவில் பிறந்த பெண் குழந்தைகளுக்கு அதிகம் வைக்கப்பட்ட பெயர்களில் கேரன் மூன்றாவது இடத்தில் இருந்தது. அந்த ஒரு வருடத்தில் மட்டும் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கேரன்கள் பிறந்தார்கள். அப்புறம் பெயர் பழசாகிவிட்டது. அதனால் இன்று கேரன் என்றாலே ஐம்பது அறுபது வயது, பெரும்பாலும் வெள்ளைக்காரப் பெண் என்று காதில் விழுகிறது. வசவுக்கு இந்தப் பெயர் பிடிபட்டதற்கு அந்த வயதும் நிறமும் போதும். மேனேஜரைக் கூப்பிடு என்று கடையில் அதட்டும் பெண் என்றுதான் முதலில் கேலி செய்தார்கள்.

2020 மே 25ஆம் தேதி அது வேறாகிவிட்டது. நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் ராம்பிள் என்ற மரங்கள் அடர்ந்த பகுதி இருக்கிறது. பறவை பார்க்கிறவர்களுக்குப் பிடித்த இடம். அங்கே நாயைக் கயிற்றில் கட்டித்தான் கூட்டிப்போக வேண்டும். கிறிஸ்டியன் கூப்பர் என்ற கறுப்பினப் பறவை ஆர்வலர் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணிடம் நாயைக் கட்டச் சொன்னார். அந்தப் பெண், போலீஸைக் கூப்பிட்டு ஓர் ஆப்பிரிக்க அமெரிக்க ஆண் தன் உயிருக்கு மிரட்டல் விடுப்பதாகச் சொல்லப்போகிறேன் என்று அவர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு, அப்படியே 911ஐ அழைத்துச் சொல்லவும் செய்தார். கூப்பர் எல்லாவற்றையும் போனில் படம்பிடித்தார். அதே நாள் மாலை மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பரின் கழுத்தில் ஒரு போலீஸ்காரர் முழங்காலை வைத்து அழுத்திக் கொன்றார். அந்தத் தொலைபேசி அழைப்பு எங்கே கொண்டுபோய் விட்டிருக்கும் என்பதை உலகம் ஒரே நாளில் பார்த்தது.

அந்தப் பெண்ணின் பெயர் கேரன் இல்லை. ஆனால் சென்ட்ரல் பார்க் கேரன் என்றுதான் ஊர் கூப்பிட்டது. அந்த வருடம் அமெரிக்காவில் 325 குழந்தைகளுக்குத்தான் கேரன் என்று பெயர் வைத்தார்கள். பொய்யாக, நிறத்தைக் காரணமாக வைத்துப் போலீஸைக் கூப்பிடுகிறவர்களுக்கு எதிராக சான்பிரான்சிஸ்கோ நகரம் அதே வருடம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. மிகத் தேவையான சட்டம். அதற்கும் முதலெழுத்துகளைக் கோத்து ‘கேரன்’ என்றே பெயர் வைத்தார்கள். இது தப்பு. கேரன் என்று பெயர் கொண்ட எத்தனையோ நர்ஸுகளும் கணக்கர்களும் பள்ளிப் பேருந்து ஓட்டுநர்களும் அந்த நகரத்தில் இருப்பார்கள். அந்த 911 அழைப்பை அவர்களில் ஒருவரும் செய்யவில்லை.

சரி, கறுப்பின மக்கள் இந்தப் பழக்கத்தை எங்கிருந்து எடுத்தார்கள்? இதுதான் எனக்கு முக்கியம், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். கேரனுக்குப் பல தலைமுறைகள் முன்பே அவர்களிடம் ‘மிஸ் ஆன்’ இருந்தாள். எஜமானி வீட்டு அடுப்படியில் வேலை செய்த பெண்கள், அவள் காது கேட்கும் தூரத்தில் அவளைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொள்ள வைத்துக்கொண்ட பெயர். ஆணுக்கு ‘மிஸ்டர் சார்லி’. உண்மையான பெயரைச் சொன்னால் வேலை போகும், உயிரும் போகலாம். அதனால் பொதுவாக ஒரு பெயர். அவளைச் சிறுமைப்படுத்தும் சக்தி அந்தப் பெயருக்கு இல்லை. சொல்கிறவளுக்கு மூச்சுவிட ஓர் இடம் கிடைத்தது, அதுதான் அதன் பயன்.

இதே மக்களை மேலே இருந்தவர்கள் எப்படிக் கூப்பிட்டார்கள் என்று பாருங்கள். புல்மேன் கம்பெனியின் தூங்கும் வசதி கொண்ட ரயில் பெட்டிகளில் வேலை செய்த கறுப்பின ஊழியர்கள் எல்லோரையும் பயணிகள் ‘ஜார்ஜ்’ என்றே கூப்பிட்டார்கள். ஏன் ஜார்ஜ்? முதலாளியின் பெயர் ஜார்ஜ் புல்மேன். அடிமையை ஆண்டையின் பெயரால் கூப்பிட்ட காலத்தின் மிச்சம். 1925இல் ஏ. ஃபிலிப் ராண்டால்ஃப் அவர்களுக்குச் சங்கம் கட்டியபோது, சம்பளத்தோடு சேர்ந்து இந்த மரியாதைக் குறைவும் அவர்களுடைய மனக்குறையாக இருந்தது.

1963இல் அலபாமாவின் கேட்ஸ்டன் ஊரில் ஒரு நீதிமன்றம். மேரி ஹாமில்டன் என்ற கறுப்பினப் பெண் சாட்சிக் கூண்டில் நிற்கிறார், மனித உரிமைப் போராளி. அரசு வழக்கறிஞர் “மேரி” என்று கூப்பிட்டுக் கேள்வி கேட்கிறார். வெள்ளைக்காரப் பெண் நின்றிருந்தால் மிஸ் அல்லது மிஸஸ் போட்டுத்தான் கூப்பிட்டிருப்பார். முறையாகக் கூப்பிட்டால்தான் பதில் சொல்வேன் என்று இவர் நின்றுவிட்டார். நீதிமன்ற அவமதிப்பு என்று ஐந்து நாள் சிறை, 50 டாலர் அபராதம். 1964இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. தன் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதற்காகவே ஒரு பெண் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறார், எஸ். வெறும் பெயர் எப்போது வசவாகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இப்போது காந்தியின் பத்தி. 1860 நவம்பரில் ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு தென்னாப்பிரிக்காவின் டர்பனில் போய் இறங்கியது. நம் ஜனங்கள்தான். முனுசாமி, ரங்கசாமி, கோவிந்தசாமி. வெள்ளைக்காரர்கள் அந்தப் பெயர்களின் வாலை மட்டும் பிடித்துக்கொண்டு எல்லோரையும் ‘சாமி’ என்றார்கள். மரியாதைக்காக இல்லை. கூலி என்பதற்கு இன்னொரு சொல். ரோஷமுள்ள ஆட்கள் சிலர், ‘சாமி என்றால் எஜமான் என்று அர்த்தம், நான் உங்கள் எஜமான் இல்லையே’ என்று திருப்பிச் சொல்வார்களாம். அதைக் கேட்டுச் சில வெள்ளைக்காரர்கள் கூசிப்போவார்கள், சிலர் கோபப்படுவார்கள் என்று காந்தி எழுதுகிறார்.

பெண்களுக்கு என்ன பெயர் தெரியுமா? மேரி. கூடையில் காய்கறி வைத்துக்கொண்டு வீடு வீடாக விற்ற தமிழ்ப் பெண்களை டர்பன் வெள்ளைக்கார வீட்டம்மாக்கள் மேரி என்று கூப்பிட்டார்கள். கூலி மேரி. அந்தப் பெண்ணின் பெயர் பாப்பாத்தியாக இருக்கலாம், செல்லம்மாவாக இருக்கலாம். கேட்க யாருக்கும் நேரம் இல்லை. கத்தரிக்காயைப் பொறுக்கி எடுக்க நேரம் இருந்தது.

இதைத்தான் இரண்டு வாரமாக நினைத்துக்கொண்டிருந்தேன். கீழே இருக்கிறவர் மேலே இருக்கிறவருக்கு வைக்கும் பட்டப்பெயர் ஒரு ரகம். மேலே இருக்கிறவர் கீழே இருக்கிறவர் பெயரைத் துடைத்துவிட்டு வைக்கும் பெயர் வேறு ரகம். மிஸ் ஆனும் மேரியும் ஒன்றில்லை. கேரன் அமெரிக்கக் கறுப்பர்களின் வாயில் இருந்தவரை மிஸ் ஆனின் பேத்திதான், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் சொல் கைமாறிவிட்டது.

உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சொல்லை உங்கள் மகன் யார் மேல் வீசினான்? கேரன் மேல் இல்லை, உங்கள் மேல். வந்த புதிதில் கடையில் சில்லறை குறைந்தாலும், நம் உச்சரிப்பைக் கேட்டு முகம் சுளிப்பார்களோ என்று வாயைத் திறக்காமல் வந்திருப்பீர்கள். நான் பார்த்த எல்லா அம்மாக்களும் அப்படித்தான். இப்போது பூசணம் பிடித்த ரொட்டிக்குக் காசைத் திருப்பிக் கேட்கும் துணிச்சல் வந்திருக்கிறது. அதைத்தான் அவன் ‘பண்ணாதே’ என்கிறான். ரொட்டிக் கடைக்காரனுக்கு இதைவிட நல்ல வார்த்தை ஒன்று கிடைக்குமா? கறுப்பின மக்கள் தங்கள் உயிரைக் காத்துக்கொள்ள வைத்திருந்த பழக்கத்தை எடுத்து, ஓர் அம்மாவின் வாயை மூட வைத்துக்கொண்டிருக்கிறோம். உங்களுக்குக் கோபம் வந்திருக்க வேண்டிய இடம் இது. நீங்களோ கேரனுக்காகத் தூக்கம் கெட்டுப்போய், உங்களை அவன் சொன்னதைக் கவனிக்கவே இல்லை.

மன்னிப்பு கேட்கட்டும், தாராளமாக. நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டாம், அவனே போய்ப் பேசட்டும். ஆன்ட்டி என்று சொல்லாமல், மிஸ் போட்டோ மிஸஸ் போட்டோ அவர் விரும்புகிற மாதிரி முழுப்பெயர் சொல்லிப் பேசட்டும். அப்புறம் ரொட்டியைத் திருப்பிக் கொடுக்க அவனையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

இவ்வளவு எழுதிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மை இல்லை. எங்கள் வீட்டில் ஒரு முனியம்மா இருந்தார். பாத்திரம் தேய்க்க, துணி துவைக்க வருவார். நான் நாலாம் வகுப்பு படிக்கும்போது வந்தவர். அவருக்கு முன்னால் அந்த வேலையைச் செய்தவர் பெயரும் முனியம்மா. நான் அதை ஒரு தற்செயல் என்று நினைத்திருந்தேன். அந்த நாளில் கதையிலும் சினிமாவிலும் பாத்திரம் தேய்க்கிற பெண் வந்தாலே பெயர் முனியம்மாதான், அதனால் எனக்கு அதிசயமாகவும் இல்லை.

நான் கல்லூரி சேர்ந்த வருடம் ரேஷன் கார்டு படிவம் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். அப்பா திண்ணையில் உட்கார்ந்து நிரப்பினார். பெயர் என்ன என்று பேனாவை வைத்துக்கொண்டு கேட்டார், முனியம்மாவுக்கு முழுப்பெயர் ஏதாவது இருக்குமோ என்ற நினைப்பில். அவர் ஒருமுறை சமையலறைப் பக்கம் பார்த்துவிட்டு, “அலமேலு” என்றார்.

அலமேலு என்பது என் பாட்டியின் பெயர், அப்பாவைப் பெற்றவர். மாமியார் பெயரை அம்மா வாயால் சொல்ல மாட்டார். அந்தப் பெயர் வேண்டும் என்று எனக்கு வைத்துவிட்டு, திட்டும்போது அது வாயில் வந்துவிடக் கூடாது என்று என்னை வாழ்நாள் முழுக்கப் பாப்பா என்றே கூப்பிட்டவர். அவ்வளவு மரியாதை. அந்தப் பெயரோடு ஒருவர் பாத்திரம் தேய்க்க வந்து நின்றபோது, முதல் நாளே, “உன்னை முனியம்மான்னே கூப்பிடறேன்” என்று சொல்லியிருக்கிறார். அவரும் சரி என்றிருக்கிறார். ஒரே வீட்டில் என் பெயரும் அவர் பெயரும் ஒன்று என்பது எட்டு வருடம் எனக்குத் தெரியாது.

அப்பா அலமேலு என்று எழுதினார். அவர் ரேகை வைத்துவிட்டு, விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டே உள்ளே போனார். “முனியம்மா, அடுப்பு மேடையையும் துடைச்சிடு” என்று அம்மாவின் குரல் கேட்டது.

அன்புடன்,
அக்கா