வைத்தியர் பதில்கள்: பருத்த கழுத்தும் கெட்ட நித்திரையும்

கேள்வி: எனக்கு வயது 31. வெள்ளவத்தையில் வசிக்கிறேன், புறக்கோட்டையில் கணக்கு வேலை. கடை பூட்டி வந்து இரவு எட்டு மணிக்குத்தான் ஜிம்முக்குப் போக முடிகிறது. எடை 96 கிலோ, உயரம் 5 அடி 8 அங்குலம். அதில் பெரும்பகுதி தசைதான். பன்னிரண்டு மணிக்குப் படுத்து ஆறரைக்கு எழும்பினாலும் தலை பாரமாக இருக்கிறது, பகலில் தூங்கி விழுகிறேன். பலத்த குறட்டைக்கிடையே மூச்சு நின்று, பிறகு திணறி வருவதாக மனைவி சொல்கிறார். மெலடோனின் குளிசை எடுத்தால் சரியாகும் என்கிறார்கள் ஜிம் நண்பர்கள். எடுக்கலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் முக்கியமான வரி மனைவி சொன்னதுதான். குறட்டை, மூச்சு நிற்றல், பகல் தூக்கம் ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால், நித்திரையில் மேற்சுவாசப் பாதை அடைபடும் நோயையே முதலில் சந்தேகிக்க வேண்டும். உடலின் நித்திரைக் கடிகாரத்தை ஓரளவு திருத்தும் மெலடோனினால் அடைபட்ட தொண்டையைத் திறக்க முடியாது.

'கொழுப்பு இல்லை, தசைதான்' என்ற சமாதானத்தை உடற்கட்டழகர்களிடம் அடிக்கடி கேட்கிறேன். கொழுப்பு இந்நோய்க்குப் பெரிய காரணம் என்பது உண்மையே. ஆனால் நித்திரையில் தொண்டைத் தசைகள் தளரும்போது, குறிப்பாக மல்லாந்து படுப்பவருக்கு, பருத்த கழுத்தும் பாரமான உடலும் அப்பாதையை ஒடுக்கக்கூடும். அமெரிக்கக் கால்பந்தின் பெரிய உடல்வாகு கொண்ட வீரர்களிடம் இந்நோய் கூடுதலாகக் காணப்படுவதை 2003ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆண்களில் கழுத்துச் சுற்றளவு 17 அங்குலத்தைத் தாண்டினால் நாங்கள் கவனமாக இருப்போம். தைத்துப் போடும் சேர்ட்டின் கொலர் அளவைத் தையற்காரரிடம் கேட்டாலே போதும்.

எனவே குடும்ப வைத்தியரிடம் கடிதம் பெற்றுச் சுவாச நோய் நிபுணரையோ, காது மூக்கு தொண்டை நிபுணரையோ பாருங்கள். மனைவியையும் அழைத்துச் செல்லுங்கள், ஏனெனில் சாட்சி அவர்தான். நித்திரைப் பரிசோதனையில் குறைந்தது 10 செக்கன்கள் நீடிக்கும் மூச்சுத் தடைகள் மணித்தியாலத்துக்கு எத்தனை என்று எண்ணுவார்கள்; 5க்குக் குறைந்தால் வழமை, 30ஐ எட்டினால் கடுமை. நோய் உறுதியானால், 1981இல் அவுஸ்திரேலியாவில் கொலின் சலிவன் அறிமுகப்படுத்திய, முகமூடி வழியாக அழுத்தக் காற்றைச் செலுத்தித் தொண்டையைத் திறந்து வைத்திருக்கும் முறையே பிரதான சிகிச்சை. இரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். அதுவரை மதுவும் நித்திரைக் குளிசையும் வேண்டாம். தூக்கக் கலக்கத்தில் மோட்டார் சைக்கிளும் ஓட்டாதீர்கள்.

ஒன்றை நேராகவே கேட்கிறேன்: தசை வளர்க்க ஊசி ஏதும் போடுகிறீர்களா? இதைக் கேட்டால் என் அறையில் பலர் கதவைப் பார்க்கிறார்கள். வெளியிலிருந்து ஏற்றும் ஆண் ஹோர்மோனான டெஸ்டோஸ்டிரோன் மூச்சுத் தடையைக் கூட்டக்கூடும். அதைப் பாவிப்பவர் வைத்தியரிடம் மறைத்தால் பரிசோதனை முடிவுகளே குழம்பிவிடும்.

பயிற்சிக்கு முன் கரைத்துக் குடிக்கும் பிரீ-வேர்க்அவுட் தூள் எடுப்பவரானால் டப்பாவின் பின்புறத்தைப் படியுங்கள். ஒரு ஸ்கூப்பில் 200 மில்லிகிராம் கஃபீன் இருப்பது சாதாரணம். சராசரியாக ஐந்து மணித்தியாலத்தில் அதில் பாதிதான் கழிகிறது. எட்டு மணிக்குக் குடித்தவரின் உடலில், நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கும் ஒரு கோப்பைக் கோப்பி அளவு மிஞ்சியிருக்கும். இரவுப் பயிற்சியை விடச் சொல்லவில்லை; கஃபீன் இல்லாமல் செய்து, படுக்கைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு முன்னராவது முடித்து, குளித்துவிட்டு, ஜிம் வாசலில் கொத்து ரொட்டியை வயிறு முட்டச் சாப்பிடாமல் வீட்டுக்குப் போங்கள். கொழும்புப் புழுக்கத்தில் உடற்சூடு இறங்கினால்தான் நித்திரை பிடிக்கும்; அதற்கு மின்விசிறியும் திறந்த சன்னலும் உதவும்.

தசைக்காகவாவது இதைச் செய்யுங்கள். ஆண்களில் வளர்ச்சி ஹோர்மோனின் பெரிய சுரப்பு, கண்ணயர்ந்த சற்று நேரத்தில் வரும் ஆழ்ந்த நித்திரையோடு நிகழ்கிறது. 2011இல் வெளியான சிறிய ஆய்வொன்றில், ஒரு வாரம் இரவுக்கு ஐந்து மணித்தியாலம் மட்டுமே நித்திரை கொண்ட இளைஞர்களின் பகல்நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 சதவீதம் குறைந்தது.

கேள்வி: தெஹிவளையிலிருந்து எழுதுகிறேன், வயது 25. உடற்கட்டழகுப் போட்டிக்காக உணவைக் கடுமையாகக் குறைத்ததிலிருந்து அதிகாலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. பிரிட்டன் (Piriton) குளிசை போட்டுப் படுக்கலாமா?

பதில்: வேண்டாம், தங்கச்சி. அது ஒவ்வாமைக்கான மருந்து. அதன் தூக்க விளைவு சில நாட்களிலேயே மங்கிவிடும், மறுநாள் மந்தம் மட்டும் மிஞ்சும். உங்களை எழுப்புவது பெரும்பாலும் பசிதான். நாளின் மாவுச்சத்தில் ஒரு பங்கை இராச்சாப்பாட்டுக்கு மாற்றி, தண்ணீரைப் படுக்கைக்கு முன்னரே குடித்து முடியுங்கள். 2010இல் வெளியான ஆய்வொன்றில், ஒரேயளவு உணவைக் குறைத்தவர்களே எட்டரை மணித்தியாலம் படுக்கையில் இருந்த காலத்தைவிட ஐந்தரை மணித்தியாலம் இருந்த காலத்தில் கொழுப்பைக் குறைவாகவும் தசை உள்ளிட்ட திசுவைக் கூடுதலாகவும் இழந்தார்கள். மாதவிடாய் தவறியிருந்தால் உணவு மிகக் குறைந்துவிட்டது என்பதற்கு அது அறிகுறியாக இருக்கலாம். அப்படியானால் போட்டித் திகதியைப் பயிற்றுநரோடு கதைப்பதற்கு முன் வைத்தியரைப் பாருங்கள்.