பழுதுபார்க்கவும் மேம்படுத்தவும் கூடிய மடிக்கணினிகளைத் தேடி வாங்கும் ஆர்வலரா நீங்கள்? உங்களை அறிமுகப்படுத்திக்கொண்டு, இந்த ஆர்வம் எப்படி வந்தது என்று சொல்ல முடியுமா?

ஆர்வலர் என்ற சொல்லுக்கு நான் எவ்வளவு பொருத்தம் என்று தெரியவில்லை; கணினியை நான் பாடமாகப் படித்தவன் அல்லன். திருவல்லிக்கேணியில் சிறு அச்சகங்களுக்கும் பதிப்பகங்களுக்கும் நூல்களைத் தட்டச்சு செய்து, பக்கம் அமைத்துக் கொடுப்பது என் தொழில். இருபது ஆண்டுகளாக இதுதான் சோறு போடுகிறது. கல்லூரியில் படித்தது வணிகவியல். ஆனாலும் இன்று என் மேசை இழுப்பறையில் மூன்று அளவுத் திருப்புளிகளும், பிளாஸ்டிக் நெம்பியும், கழற்றிய திருகுகளை வரிசை மாறாமல் வைப்பதற்கு மாத்திரைப் பெட்டி ஒன்றும் இருக்கின்றன என்றால், அதற்குக் காரணம் ஒரே ஒரு விசை.

2015-இல் நான் வாங்கிய முதல் மடிக்கணினி மெல்லியது, எடை குறைந்தது, கடையில் பார்த்தவுடன் கையில் எடுக்கத் தோன்றியது. 2019-இல், ஒரு நூலுக்குப் பிழைதிருத்தம் செய்துகொண்டிருந்தபோது, அதன் எஃப் விசை நின்றுபோயிற்று. தமிழ்99 முறையில் தட்டச்சு செய்பவர்களுக்கு இதன் கொடுமை புரியும். புள்ளி அந்த விசையில்தான் இருக்கிறது. மெய் இரட்டிக்கும் இடத்தில் மென்பொருளே புள்ளி வைத்துவிடும் என்பதால் ‘பக்கம்’ என்று அடிக்கும்போது நடுவில் சிக்கல் இல்லை; ஆனால் சொல் ‘பக்கம’ என்று மொட்டையாக முடியும். ‘அவர்கள்’ என்று அடித்தால் ‘அவரகள’ என்று வரும். இருநூற்றுச் சொச்சம் பக்கங்கள், புள்ளி இல்லாமல்.

அந்தக் கணினியின் சேவை மையத்தில், விசைப்பலகை மட்டும் தனியாகக் கிடைக்காது என்றும், கை வைக்கும் மேல்தட்டு முழுவதையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும் என்றும், அதற்கு ஒன்பதாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும் என்றும் சொன்னார்கள். அங்கிருந்து எழுந்து, அண்ணா சாலையை ஒட்டிய, மின்னணுக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்கு நடந்தே போனேன். மாடிப்படிக்குக் கீழே கடை வைத்திருந்த ஒரு மெக்கானிக், கணினியைக் குப்புறக் கவிழ்த்து, மதர்போர்டு என்னும் முதன்மைச் சுற்றுப் பலகையையும் பேட்டரியையும் எடுத்துவிட்டு, விசைப்பலகையின் முதுகைக் காட்டினார். திருகுகள் அங்கே ஒன்றுகூட இல்லை. மிளகு அளவில் உருக்கி அழுத்தப்பட்ட பிளாஸ்டிக் குமிழ்கள் வரிசை வரிசையாக இருந்தன. “சார், இதை மூடுறதுக்காகப் பண்ணியிருக்காங்க, திறக்கிறதுக்காகப் பண்ணல” என்றார். குமிழ்களை ஒவ்வொன்றாகப் பெயர்த்தெடுத்து, புதிய விசைப்பலகையை வைத்து, மிச்சமிருந்த முளைகளைச் சால்டரிங் இரும்பால் உருக்கி ஒட்டினார். இரண்டாயிரத்து இருநூறு ரூபாயில் வேலை முடிந்தது. நடுவில் இருக்கும் நாலைந்து விசைகள் அதன் பிறகு அழுத்தினால் சற்றே அமுங்கின. அது அவர் குற்றம் அன்று. என் புள்ளி திரும்பி வந்தது.

அந்த முளைகளைப் பார்த்த அன்றுதான் எனக்கு ஒன்று உறைத்தது. ஒரு கணினியைப் பழுதுபார்க்க முடியுமா என்பது மெக்கானிக்கின் கைத்திறனைப் பொறுத்தது என்று அதுவரை நினைத்திருந்தேன். உண்மையில் அது, பொருள் வடிவமைக்கப்படும் மேசையிலேயே முடிவாகிவிடுகிறது. திருகா, பசையா, செருகும் ராமா (வேலை நடக்கும்போது தரவை ஏந்தும் நினைவகம்), பலகையிலேயே பற்றவைத்த ராமா, உறுப்புக்கு எண் உண்டா, அந்த எண்ணைச் சொல்லிக் கேட்டால் கிடைக்குமா என்பவற்றை வாங்கும் முன்பே தெரிந்துகொள்ளலாம் என்பதும் பிறகுதான் தெரியவந்தது. அதற்கான வழி பராமரிப்புக் கையேடு.

சில நிறுவனங்கள், தம் தொழில்நுட்பப் பணியாளர்களுக்காக எழுதிய கையேட்டை யார் வேண்டுமானாலும் பதிவிறக்கலாம் என்று விட்டுவைத்திருக்கின்றன. திங்க்பேட் மடிக்கணினி வரிசைக்கு இது ஐபிஎம் காலத்திலிருந்தே உள்ள வழக்கம். 2005-இல் லெனோவோ அந்தத் தொழிலை வாங்கிய பிறகும் தொடர்கிறது. டெல், ஹெச்பி ஆகியவற்றின் அலுவலக வரிசைக் கணினிகளுக்கும் இவ்வகைக் கையேடுகள் உண்டு. எந்த உறுப்பை எடுக்க எவற்றை முதலில் எடுக்க வேண்டும், எந்தத் திருகு எத்தனை மில்லிமீட்டர், எவ்வளவு இறுக்கலாம் என்றெல்லாம் படத்துடன் இருக்கும். நான் இப்போது யாருக்காவது மடிக்கணினி பரிந்துரைக்க வேண்டுமென்றால், விளம்பரத்தைப் பார்ப்பதற்கு முன் இந்தக் கையேட்டைத்தான் திறக்கிறேன். பேட்டரியை எடுக்கும் பக்கத்துக்குப் போய், அதற்கு முன் எத்தனை உறுப்புகளைக் கழற்றச் சொல்கிறார்கள் என்று எண்ணுவேன். பிறகு விசைப்பலகை. கையேடே இல்லையென்றால் அதுவும் ஒரு பதில்தான்.

இப்படிப் படித்துப் படித்துத்தான் 2022-இல் ரிச்சி தெருவிலேயே 27,000 ரூபாய்க்கு ஒரு பழைய திங்க்பேட் டி480 வாங்கினேன். 2018-இல் வெளிவந்த மாதிரி அது. பெரிய அலுவலகங்கள் குத்தகைக்கு எடுத்து, தவணை முடிந்ததும் திருப்பிக் கொடுப்பவை சந்தைக்கு மொத்தமாக வந்துசேரும். என்னுடையதன் மூடியில் யாரோ ஓர் ஊழியரின் சொத்து எண் ஒட்டிய தடம் இன்றும் இருக்கிறது.

இதில் பேட்டரி இரண்டு. உள்ளே 24 வாட்-மணி (சேமிக்கும் மின்சாரத்தின் அளவு) கொண்ட ஒன்று. வெளியே பின்பக்கம் செருகும் ஒன்று. வெளியில் செருகுவது 24, 48, 72 வாட்-மணி என மூன்று அளவுகளில் உண்டு. உள்பேட்டரி கணினியைத் தாங்கிக்கொண்டிருக்கும்போதே வெளிப்பேட்டரியைக் கழற்றி வேறொன்றைச் செருகலாம். வேலையை நிறுத்த வேண்டியதில்லை. மின்வெட்டு நாளில் இதைச் செய்து பார்த்தவர்களுக்கு இதன் சுகம் தெரியும். ராமுக்கு இரண்டு செருகிடங்கள் உள்ளன. அடிமூடியின் திருகுகளைத் தளர்த்தினால் அவை மூடியிலேயே தங்கிவிடும், உருண்டோடிக் கட்டிலுக்கு அடியில் போகாது. இதைக்கூட ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார் என்று முதன்முறை கழற்றியபோது மகிழ்ந்தேன்.

மகிழ்ச்சி ஒரு மணி நேரம்கூட நிலைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். உள்ளே பேட்டரி இருப்பதால், மூடியைத் திறப்பதற்கு முன் பயாஸ் என்னும், கணினி தொடங்கும்போதே இயங்கும் அடிப்படை அமைப்புக்குள் போய், உள்பேட்டரியைச் செயலிழக்கச் செய்யும் கட்டளையைக் கொடுக்க வேண்டும் என்று கையேட்டில் இருந்தது, அப்படியே செய்தேன். எட்டு ஜிபி ராமுக்குப் பதிலாக இரண்டு எட்டு ஜிபி ராம்களைச் செருகி, மூடியை மாட்டி, பொத்தானை அழுத்தினேன். விளக்குகூட எரியவில்லை. மீண்டும் திறந்தேன், ராமை எடுத்துத் துடைத்துச் செருகினேன், மூடினேன், அழுத்தினேன். அசைவில்லை. 27,000 ரூபாயைக் கையாலேயே கொன்றுவிட்டேன் என்று வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தேன். கையேட்டின் அதே பத்தியில் அடுத்த வரியையும் படித்திருந்தால் அந்த இரவு நன்றாகத் தூங்கியிருப்பேன்: செயலிழக்கச் செய்த உள்பேட்டரி, சார்ஜரைச் செருகினால்தான் மறுபடி விழிக்கும். காலையில் சார்ஜரைச் செருகியதும் ஒன்றும் நடக்காததுபோல் எழுந்துகொண்டது.

இதற்கும் எல்லை உண்டு. இதன் செயலி, அதாவது பிராசசர், மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டது. அதை மாற்ற முடியாது. இன்டெல்லின் எட்டாம் தலைமுறைச் செயலி என்பதால் விண்டோஸ் 11-ஐ ஏற்கும் பட்டியலில் கடைசிப் படியில் நிற்கிறது. 2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தபோது, இதற்கு ஓராண்டு முன் வெளிவந்து, அந்தப் பட்டியலில் இடம்பெறாத டி470 வைத்திருந்த நண்பர்கள் பலர் லினக்ஸ் இயங்குதளத்துக்குப் போனார்கள். திருகுகளும் உறுப்புகளும் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும், மென்பொருள் ஒரு கோடு போட்டால் நல்ல கணினியும் வெளியே நின்றுவிடுகிறது. இந்த ஆர்வத்தில் எனக்குத் தீராத குறை இது.

என்னைப்போன்றவர்கள் ஒரே வகையினர் அல்லர் என்பதையும் சொல்ல வேண்டும். 2011-இல் வந்த எக்ஸ்220 மாதிரியை இன்னும் கைவிடாதவர்கள் இருக்கிறார்கள். அதன் ஏழு வரிசை விசைப்பலகைக்காக, அடுத்த ஆண்டு வந்த எக்ஸ்230-இல் அந்தப் பழைய விசைப்பலகையை வெட்டி ஒட்டிப் பொருத்துபவர்களும் இருக்கிறார்கள். பழைய திங்க்பேட் கூடுகளுக்குள் பொருந்தும்படி புதிய மதர்போர்டையே வடிவமைத்து விற்றது, சீனாவில் 51என்பி என்ற ஆர்வலர் குழு. பெர்லினில் எம்என்டி ரிஃபார்ம் என்று ஒரு மடிக்கணினி செய்கிறார்கள். சுற்று வரைபடங்கள் முதல் எல்லாமே யாரும் பார்க்கும்படி திறந்தவை, பேட்டரியாக இருப்பவை டார்ச் விளக்கில் போடுவதுபோல் ஒவ்வொன்றாக எடுத்து மாற்றக்கூடிய உருளைகள். கனமானது, விலையும் அதிகம். அதை வாங்கும் துணிவு எனக்கில்லை. ஆனால் அப்படியொன்று இருக்கிறது என்பதே எனக்குப் பிடித்திருக்கிறது.

பற்றவைத்த ராமைப் பற்றி இங்கே பலர் எழுதும்போது முழுக்க முழுக்கப் பேராசை என்று முடித்துவிடுகிறார்கள். பாதி உண்மை. குறைந்த மின்னழுத்தத்தில் மிக வேகமாக ஓடும் எல்பிடிடிஆர் வகை நினைவகத்துக்கும் செயலிக்கும் இடையிலான தொலைவு கூடக்கூடச் சமிக்ஞை கெடும். பழைய வகைச் செருகிடம் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. அதனால்தான் டெல் நிறுவனம் தொடங்கிவைத்த ஒரு வடிவத்திலிருந்து கேம்2 என்ற தட்டையான, திருகால் அழுத்திப் பொருத்தும் தொகுதி பிறந்தது. 2023 டிசம்பரில், நினைவகங்களுக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பு அதைத் தரமாக வெளியிட்டது. 2024-இல் வந்த திங்க்பேட் பி1 ஏழாம் தலைமுறை அந்த வகை எல்பிடிடிஆர் நினைவகத்துடன் வந்தது. பழுதுபார்க்கும் உரிமைக்குப் பெயர்போன ஃபிரேம்வொர்க் நிறுவனமே 2025-இல் அறிவித்த மேசைக்கணினியில், அந்தச் செயலிக்கு வேறு வழியில்லை என்று சொல்லி ராமைப் பற்றவைத்துத்தான் கொடுத்தது. ஆகவே 4 ஜிபியைப் பற்றவைத்து மலிவாக விற்பவரையும் இவர்களையும் ஒரே தட்டில் வைக்க நான் தயாராக இல்லை.

ஃபிரேம்வொர்க் என்றதும் என் அக்கா மகன் நினைவுக்கு வருகிறான். அமெரிக்காவில் வேலை பார்ப்பவன். நிரவ் பட்டேல் என்பவர் நிறுவிய அந்த நிறுவனத்தின் முதல் மடிக்கணினி 2021-இல் வந்தபோதே வாங்கிவிட்டான். போன ஆண்டு விடுமுறைக்கு வந்திருந்தபோது, சாப்பாட்டு மேசையில் இலையை எடுத்த கையோடு, “மாமா, பாருங்க” என்று அதைத் திறந்து காட்டினான். அடியில் ஐந்து திருகுகள். அவையும் கீழே விழாதவை. திருப்புளி பெட்டியோடு வந்ததாம். திருகுகளைத் தளர்த்தி, கணினியை நிமிர்த்தி, விசைப்பலகை இருக்கும் மேல்தட்டை விரலால் தூக்கினான்; காந்தத்தில் நின்றிருந்தது, வந்துவிட்டது. உள்ளே ஒவ்வொரு உறுப்பின் மேலும் க்யூஆர் குறி. கைபேசியால் படம்பிடித்தால் அந்த உறுப்பை மாற்றும் முறை திரையில் வருகிறது. பிளாஸ்டிக் முளைகளைப் பார்த்த என் கண்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அவன் அப்போது காட்டியது பழைய கூடு, புதிய உடல். இன்டெல் பதினோராம் தலைமுறை மதர்போர்டை எடுத்துவிட்டு, அதே கூட்டில் ஏஎம்டி ரைசன் 7040 வரிசைச் செயலி கொண்ட மதர்போர்டைப் பொருத்தியிருந்தான். திரை அதே, விசைப்பலகை அதே. கழற்றிய பழைய பலகையை அங்கே அவன் அறையில் கோப்புகளைச் சேமிக்கும் தனிக் கணினியாக ஓடவிட்டிருக்கிறான்; அதற்கு வேறொரு சிறிய ராமே போதும். ஆனால் புதிய பலகை அடுத்த தலைமுறை ராமான டிடிஆர்5 கேட்பதால், பழையதில் இருந்த இரண்டு பதினாறு ஜிபி டிடிஆர்4 ராம்கள் அவனிடம் சும்மா கிடந்தன.

“மாமா, உங்க டி480-க்கு டிடிஆர்4 தானே?” என்றான். ஆமாம், அதே அளவு, அதே செருகிடம். மறுவாரம் ஊருக்குப் போகும் முன் பெட்டியிலிருந்து ஒரு சிறிய உறையை எடுத்துக் கொடுத்தான். அவை 3200 வேகத்துக்கானவை, என் கணினியோ 2400-க்கு மேல் ஓட்டாது. வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஒத்துப்போயின. உள்பேட்டரியைச் செயலிழக்கச் செய்து, மாற்றி, மூடி, இந்த முறை சார்ஜரைச் செருகிவிட்டுத்தான் பொத்தானை அழுத்தினேன். 32 ஜிபி என்று காட்டியது. பக்கத்தைத் திருப்பும்போதெல்லாம் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த 900 பக்க அகராதிக் கோப்பை அன்று மாலையே திறந்து, விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்ந்தேன்.