ப்ரோமைடு வால் மாடலில் வரவில்லை என்று கேட்டவருக்கு

வணக்கம். ஆய்வகத்தில் மண் நிரப்பிய தூணில் அழகாகப் பொருந்திய சிதறல் எண்ணை (கரைந்த பொருள் போகும் வழியில் எவ்வளவு பரவுகிறது என்பதன் அளவு) வயல் சோதனைக்குப் போட்டதும், நிலத்தடி நீரின் போக்கைத் தொடரச் செலுத்திய ப்ரோமைடு உப்பு மாடல் சொன்னதற்கு முன்பே கிணற்றுக்கு வந்துவிட்டது, வாலோ, அதாவது கடைசியில் வரும் மிச்சமோ, வாரக்கணக்கில் இழுக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். மாடலின் கணினி நிரலில் பிழை இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. மண் அப்படி.

அமெரிக்காவில், மிசிசிப்பியின் கொலம்பஸ் விமானப்படைத் தளத்தில் 1986-ல் இதே ப்ரோமைடைச் செலுத்திப் பார்த்தார்கள். பெரும்பகுதி செலுத்திய இடத்தை ஒட்டியே தேங்கிவிட்டது. நீர்த்துப்போன முனை மட்டும் 200 மீட்டரைத் தாண்டி ஓடியது. சரளைப் பட்டைகளில் தண்ணீர் விரைந்து போகிறது. பக்கத்திலுள்ள நுண்மண்ணுக்குள் புகுந்த உப்பு மெல்ல மெல்லத்தான் திரும்பக் கசிகிறது. கனடாவின் போர்டன் மணல் ஓரளவு சீரானது. அங்கே ஓட்டத்தையும் சிதறலையும் மட்டும் கணக்கிடும் வழக்கமான சமன்பாடே நன்றாக ஒத்துவந்தது.

தயவுசெய்து சிதறல் எண்ணை ஏற்றி ஏற்றிப் பொருத்தாதீர்கள். வளைவு பொருந்தினாலும் அடுத்த கிணற்றில் கைவிட்டுவிடும். நிலத்தடி நீரில் கரைந்தவை நகர்வதைக் கணக்கிடும் எம்டி3டிஎம்எஸ் (MT3DMS) மென்பொருளில் நகரும் நீர், நகராத நீர் எனப் பிரிக்கும் வசதி இருக்கிறது, அதில் தொடங்குங்கள். பிறகு துளையிட்டபோது எடுத்த மண் அடுக்குப் பதிவுகளோடு ஒத்துப்போகும் நூற்றுக்கணக்கான கடத்துதிறன் (மண் எவ்வளவு எளிதில் நீரை விடுகிறது என்பது) வரைபடங்களை உருவாக்கி, ஒவ்வொன்றையும் ஓட்டுங்கள். அறிக்கையில் ஒரே தேதியாக எழுதாமல், வந்துசேரும் காலத்தின் வீச்சை எழுதுங்கள். குடிநீர்க் கிணறு பக்கத்தில் இருந்தால் அந்த வீச்சின் முந்தைய முனைதான் முக்கியம்.

உங்கள் கண்காணிப்புக் கிணற்றில் வடிகுழாய் (நீர் உள்ளே வரும் துளையிட்ட பகுதி) எத்தனை மீட்டர் நீளம்? நீளமாக இருந்தால் எல்லா அடுக்கு நீரும் கலந்தே மாதிரியில் வரும். அதைச் சொன்னால் மேற்கொண்டு பார்க்கலாம்.