தேரையின் நிறமூர்த்தங்கள் குவிந்தே கிடந்தால்

நிலாவெளித் தேரையின் என்பு மச்சையில் (எலும்பு மச்சையில்) ஒரு கலத்தில் 19, மறு கலத்தில் 20 நிறமூர்த்தங்கள் (குரோமோசோம்கள்) என்று எழுதியிருக்கிறீர்கள். புதிய இனமென்று துள்ள வேண்டாம். நம் ஊர்த் தேரைக்கு 22தான்: ஆறு சோடி பெரியவை, ஐந்து சோடி சிறியவை. அந்தச் சிறியவைதான் பெரியவற்றுக்கு அடியில் ஒளிந்துகொள்கின்றன.

கலம் நன்றாக ஊதினால்தான் நிறமூர்த்தங்கள் விலகி விரியும். கலத்தை ஊதவைக்க, பாலூட்டிக் கலங்களுக்கான 0.075 மோலர் பொற்றாசியம் குளோரைட்டையே பயன்படுத்தினீர்களா? தேரையின் உடல் திரவம் பாலூட்டியினதைவிட ஐதானது; அதற்கேற்ப இன்னும் ஐதான 0.4 சதவீதப் பொற்றாசியம் குளோரைட்டுக் கரைசலில் கலம் நன்றாக ஊதும்.

அதைவிடப் பெரிய எதிரி வறண்ட கச்சான் காற்று. திருகோணமலையில் அது வீசும் நாட்களில் வழுக்கியில் (நுணுக்குக்காட்டியில் வைக்கும் கண்ணாடித் தகட்டில்) விட்ட கலத்துளி விரியுமுன்பே உலர்ந்துவிடும். நான் வழுக்கியை வெந்நீர்க் கோப்பையின் ஆவியில் ஒரு கணம் காட்டி, கண்ணாடி மங்கியதும் துளியை விடுவேன். கலங்களைப் பதப்படுத்தும் மெதனோலையும் அசற்றிக் அமிலத்தையும் 3:1 அளவில் அன்றன்றே கலந்துகொள்ளுங்கள்.