ஷுல்ட்ஸ் என்றொரு பெயர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

லைப்சிக் நகரில் வேலை பார்க்கிறேன். எங்கள் அலுவலகத்தில் ஒரு ஷுல்ட்ஸ், ஒரு ஷுல்ட்சே, ஒரு ஷோல்ட்ஸ், ஒரு ஷுல்ட்டே இருக்கிறார்கள். குடியிருக்கும் கட்டடத்தின் அழைப்புமணிப் பலகையிலும் இரண்டு ஷுல்ட்ஸ்கள். ஒருவருக்கொருவர் உறவில்லை என்கிறார்கள். அகராதியில் ‘ஷுல்ட்’ என்று தேடினால் ‘குற்றம்’ என்று பொருள் வருகிறது. குற்றத்தை யாராவது குடும்பப்பெயராக வைத்துக்கொள்வார்களா? இவை எல்லாம் ஒரே பெயர்தானா? நம் ஊரில் பெயருக்குப் பின்னால் சாதி வருவதுபோல இங்கே தொழில் வருகிறது என்று நண்பர் ஒருவர் அடித்துச் சொல்கிறார். அது சரியா?

ஒரு வாசகர், லைப்சிக்

அன்புள்ள நண்பருக்கு,

நால்வர் பெயரும் ஒரே பதவியிலிருந்து வந்தவை. பழைய ஜெர்மன் மொழியில் ஷுல்ட்ஹைஸ் என்றொரு ஊர் அதிகாரி இருந்தார். ‘ஷுல்ட்’ என்பதற்குக் குற்றம் என்ற பொருளோடு கடன், செலுத்த வேண்டிய கடமை என்ற பொருளும் உண்டு. இந்தப் பெயரில் இருப்பது கடமைதான். பிரபுவுக்குச் சேர வேண்டிய வரியையும் தானியத்தையும் செலுத்தும்படி ஊராருக்கு ஆணையிடுபவர், தவறியவரை விசாரிப்பவர், அவரே ஷுல்ட்ஹைஸ். வழக்கில் தேய்ந்து தேய்ந்து ஷுல்ட்ஸ் ஆகிவிட்டார்.

ஊருக்கு ஒருவர் மட்டுமே இருந்த பதவி, இத்தனை பேருக்கு எப்படிப் பெயரானது? ஜெர்மனியில் மிகப் பரவலான குடும்பப்பெயர்களில் முதல் பத்துக்குள் ஷுல்ட்ஸ் வருகிறது. ம்யூலர், ஷ்மிட், ஷ்னைடர் ஆகியோருக்குப் பின்னால்தான் என்றாலும், மாவு அரைப்பவரும் கொல்லரும் தையற்காரரும் பெருகுவது இயல்பு. ஊர்த்தலைவர் எப்படிப் பெருகினார்?

விடை கிழக்கே இருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டு முதல் எல்பே ஆற்றுக்கும் அதைத் தாண்டி ஓடர் ஆற்றுக்கும் கிழக்கே ஜெர்மன் குடியானவர்கள் போய்க் குடியேறினார்கள். ஸ்லாவிய மக்கள் வாழ்ந்த நாடு அது. அங்கிருந்த பிரபுக்கள் காட்டைத் திருத்தி ஊர் அமைக்கும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைப்பார்கள். அவர் மேற்கேயிருந்து ஆட்களைத் திரட்டி வருவார், நிலத்தை அளந்து பங்கிடுவார். கைம்மாறாக அவருக்கு மற்றவர்களைவிடப் பெரிய நிலம் வரியில்லாமல் கிடைக்கும். பல ஊர்களில் ஆலையும் மதுக்கடையும் நடத்தும் உரிமை, ஊர் மன்றத்தில் வசூலாகும் அபராதத்தில் மூன்றில் ஒரு பங்கு. எல்லாவற்றுக்கும் மேலாக, ஊர்த்தலைமை அவருடைய வாரிசுகளுக்கும் போகும்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட சாக்சென்ஷ்பீகல் என்ற சட்டநூலின் படம் வரைந்த கைப்பிரதி ஒன்று ஹைடல்பெர்க் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. அதில் இந்தக் காட்சி அப்படியே வரையப்பட்டிருக்கிறது. பிரபு முத்திரை தொங்கும் சாசனத்தை நீட்டுகிறார், ஒருவர் வாங்கிக்கொள்கிறார். பக்கத்தில் குடியானவர்கள் மரம் வெட்டுகிறார்கள், வீட்டுக்குச் சட்டம் நிறுத்துகிறார்கள். அடுத்த காட்சியில் சாசனம் வாங்கியவர் தேவாலயத்துக்கு முன்னால் அமர்ந்து வழக்குக் கேட்கிறார். தலையில் வைக்கோல் தொப்பி. கிரீடமோ வாளோ இல்லாத இந்தத் தலைவரைப் பார்க்க எனக்கு அலுப்பதே இல்லை. ஷுல்ட்ஸ்களின் முதல் உருவப்படம் என்று அதைச் சொல்லலாம்.

புதிதாக எழுந்த ஒவ்வோர் ஊருக்கும் ஒரு ஷுல்ட்ஸ் வேண்டியிருந்தது. குடும்பப்பெயர்கள் நிலைபெற்ற காலமும் ஏறத்தாழ அதுவேதான். அதனால்தான் பிராண்டன்பர்க், மெக்லன்பர்க், பொமரேனியா பகுதிகளில் இந்தப் பெயர் மண்டிக் கிடக்கிறது. தமிழ்நாட்டில் கிராம முன்சீப், கர்ணம் பதவிகள் 1980இல் ஒழிக்கப்பட்டுவிட்டன; ஆனாலும் ‘மணியக்காரர் வீடு’ என்ற பெயர் பல ஊர்களில் இன்றும் வழங்குகிறது. அங்கே வீட்டோடு நின்றது, இங்கே பதிவேட்டில் ஏறிவிட்டது.

வடிவ வேறுபாடுகள் வட்டார வழக்கால் வந்தவை. ஷோல்ட்ஸ் என்றால் பெரும்பாலும் சிலேசியா, இன்று பெரும்பகுதி போலந்தில் இருக்கும் பிரதேசம். முன்னாள் பிரதமர் ஓலாஃப் ஷோல்ட்ஸின் பெயர் அந்த வகை. ஷுல்ட்டே ஜெர்மனியின் மேற்கிலுள்ள வெஸ்ட்ஃபாலியாவைச் சேர்ந்தது. போலந்து மொழிக்குள் இதே பதவி ‘சோவ்திஸ்’ என்று புகுந்து, இன்றைக்கும் அங்கே கிராமத்தார் தேர்ந்தெடுக்கும் ஊர்த்தலைவரின் பதவிப் பெயராகவே வாழ்கிறது. கற்றவர்கள் தங்கள் பெயரை லத்தீனாக்கிக்கொண்ட பதினாறாம் நூற்றாண்டில் சிலர் ஸ்குல்டேட்டஸ் ஆனார்கள், சிலர் ‘பிரிட்டர்’ என்ற ரோமானிய நீதி அதிகாரியின் பதவிப்பெயரைத் தழுவி பிரிட்டோரியஸ் ஆனார்கள். இசையமைப்பாளர் மிக்கேல் பிரிட்டோரியஸ் ஷுல்ட்ஹைஸ் என்ற குடும்பப்பெயர் கொண்டவரின் மகன்தான்.

இனி உங்கள் நண்பரின் கூற்று. அதை நான் உறுதியாக மறுக்கிறேன். சாதி பிறப்பால் வருவது. மண உறவை, தொழிலை, குடியிருக்கும் தெருவை வரையறுப்பது. ஷுல்ட்ஸ் என்ற பெயர் இவற்றில் எதையும் செய்வதில்லை. பெயர் நிலைபெற்ற சில தலைமுறைகளிலேயே அதற்கும் தொழிலுக்கும் இருந்த தொடர்பு அறுந்துவிட்டது. ‘பீநட்ஸ்’ சித்திரத்தொடரை வரைந்த சார்லஸ் ஷுல்ட்ஸின் தந்தை ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் முடிதிருத்தும் கடை நடத்தியவர். அந்தப் பெயரையும் அந்தத் தொழிலையும் பொருத்திப் பார்த்து யாரும் முகம் சுளித்ததில்லை. நம் ஊரில் அப்படி நடந்திருக்குமா என்று உங்கள் நண்பரைக் கேளுங்கள்.

இரத்த உறவைக்கூட இந்தப் பெயர் உறுதிசெய்வதில்லை. வெஸ்ட்ஃபாலியாவில் பண்ணைக்குத்தான் பெயர். அந்தப் பண்ணையின் மகளை மணந்து வீட்டோடு வந்த மருமகன் தன் பெயரை விட்டுவிட்டுப் பண்ணையின் பெயரை ஏற்பது நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. ஆஸ்திரியப் பேரரசில் இரண்டாம் யோசெஃப் 1787இல் யூதர்கள் அனைவரும் ஜெர்மன் குடும்பப்பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆணையிட்டார். அந்தப் பேரரசுக்கு உட்பட்டிருந்த கலீசியாவின் ட்ரோஹோபிச் நகரில் பிறந்த யூதர்தான் போலந்து மொழியின் பெரும் எழுத்தாளர் புரூனோ ஷுல்ட்ஸ். 1942இல் அதே ஊரின் தெருவில் ஒரு கெஸ்டாப்போ அதிகாரி அவரைச் சுட்டுக் கொன்றான். அசல் ஜெர்மன் பெயர் இருந்தும் அது அவருக்கு ஒரு கவசமாகவில்லை. பெயரை வைத்து மனிதரின் மூலத்தைத் தேடுவது எவ்வளவு வீணானது என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று எனக்குத் தெரியாது.

பெயர் பெருகியதால் வந்த சங்கடம் ஒன்று நம் நாடுவரை நீள்கிறது. 1848இல் பிரஷ்ய தேசிய சபையில் ஷுல்ட்சேக்கள் பலர் இருந்ததால், ஹெர்மன் ஷுல்ட்சே என்ற உறுப்பினர் தன் ஊர்ப்பெயரையும் சேர்த்து ஷுல்ட்சே டெலிட்ச் ஆனார். லைப்சிக்குக்கு வடக்கே உங்கள் பக்கத்து ஊர்தான் டெலிட்ச். கைவினைஞர்கள் வட்டிக்காரரிடம் சிக்காமல் தங்களுக்குள் பணம் திரட்டிக் கடன் கொடுத்துக்கொள்ளும் கூட்டுறவு முறையை வளர்த்தவர் அவர். சென்னை மாகாண அரசு அனுப்பிய ஃபிரெடரிக் நிக்கல்சன் ஐரோப்பா சென்று இந்த முறைகளை ஆராய்ந்து அறிக்கை எழுதினார். 1904ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சட்டம் கிராமச் சங்கங்களுக்கு, ரைஃபைசன் என்ற இன்னொரு ஜெர்மானியர் வகுத்த முறையையும் நகரச் சங்கங்களுக்கு ஷுல்ட்சே டெலிட்ச் முறையையும் ஒட்டி அமைந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் இந்தியாவின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவானது. இடம் காஞ்சிபுரம்.

அதற்கும் முன்பே ஒரு ஷுல்ட்சே தரங்கம்பாடிக்கு வந்திருக்கிறார். ஓடருக்குக் கிழக்கே 1689இல் பிறந்த மதபோதகர் பெஞ்சமின் ஷுல்ட்சே, அங்கே அவருக்கு முன்பே பணியாற்றிய ஜெர்மன் மதபோதகர் சீகன்பால்கு மறைந்த 1719ஆம் ஆண்டிலேயே வந்து சேர்ந்து, சீகன்பால்கு ரூத்தின் நூல்வரை தமிழாக்கி நிறுத்தியிருந்த பழைய ஏற்பாட்டை முடித்தார். பின்னர் சென்னைக்குப் போய்த் தெலுங்கும் இந்துஸ்தானியும் கற்று, இரண்டுக்கும் இலக்கணம் எழுதினார். ஹாலே நகரில் 1760இல் இறந்தார். நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து ஹாலே வெகு அருகில். அங்குள்ள ஃப்ராங்கே நிறுவனங்களின் ஆவணக் காப்பகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. அவசியம் போய்ப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. உங்கள் சக ஊழியர்களுக்குக் கடிதம் எழுதும்போது எழுத்துக்கூட்டலைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் ஒரே பாதிரியார் ஒரே குடும்பத்தை ஒரு பக்கத்தில் ‘டி’ (t) என்ற எழுத்தைச் சேர்த்தும் அடுத்த பக்கத்தில் சேர்க்காமலும் எழுதினார். 1876இல் ஜெர்மனி முழுவதும் அரசுப் பதிவு அலுவலகங்கள் வந்தபின் அந்தச் சுதந்திரம் போய்விட்டது. அன்று பதிவேட்டில் எப்படி ஏறியதோ அப்படித்தான் இன்றும் எழுத வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் அவர்கள் மனம் வருந்துவார்கள்.

அன்புடன்.