அவருடைய காகிதங்களை நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளலாமா?

கேள்வி: எனக்கு 20 வயது. ரயில் நிலையத்துக்கு வெளியே இரவில் படுத்துக்கொள்ளும் ஒரு பெரியவருடன் நானும் மூன்று நண்பர்களும் ஆறு மாதமாகப் பழகுகிறோம். வாரத்தில் இரண்டு மாலை போய் உட்கார்ந்து பேசுவோம், சதுரங்கம் ஆடுவோம். போன வாரம் அவர் ஒரு பிளாஸ்டிக் கவரை என் கையில் திணித்தார். அதில் அவருடைய அடையாள அட்டை, மருத்துவச் சீட்டுகள், கொஞ்சம் பணம் இருந்தன. "இங்கே வெச்சா திருடிடுவாங்க, நீயே வெச்சுக்கோ" என்றார். அப்போதைக்கு மறுத்துவிட்டேன். அவர் முகம் வாடிப்போனது. இதற்கிடையில் ஒருவர் வந்து, "காகிதங்களை என்னிடம் கொடுங்கள், இவருக்கு வீட்டு உதவி வாங்கித் தருகிறேன்" என்கிறார். என்ன செய்வது?

பதில்: முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நகல்களை வைத்துக்கொள்ளுங்கள், அசலை வேண்டாம். பணத்தை எந்தக் காரணத்துக்காகவும் வாங்காதீர்கள். அந்த மூன்றாவது ஆளிடம் ஒரு துண்டுக் காகிதம்கூடப் போகக்கூடாது.

நீங்கள் மறுத்தது சரிதான். அவர் முகம் வாடியதும் இயல்புதான். தெருவில் படுத்திருப்பவர் தன் அடையாள அட்டையை ஒருவரிடம் நீட்டுகிறார் என்றால், அவரிடம் இருப்பதிலேயே பெரிய நம்பிக்கையைக் கொடுக்கிறார் என்று அர்த்தம். அதனால் "எனக்குப் பிரச்சினை வந்துவிடும்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அது அவரையே ஒரு பிரச்சினையாகச் சொல்வதுபோல ஆகிவிடும். "நான் தொலைத்துவிட்டால் உங்களுக்குத் திரும்ப வாங்கித் தர என்னால் முடியாது, வாங்க, வேறு வழி செய்வோம்" என்று சொல்லுங்கள். உண்மையும் அதுதான்.

அசல் ஏன் கூடாது? நள்ளிரவில் அவருக்கு மூச்சுத் திணறி யாராவது மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனால், அட்டை அவர் உடம்பில் இருக்க வேண்டும், உங்கள் மேசை இழுப்பறையில் அல்ல. காவலர் வந்து எழுப்பி யார் என்று கேட்டாலும் அப்படித்தான். உங்களுக்குத் தேர்வு வரும், ஊருக்குப் போவீர்கள். இதையெல்லாம்விட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. அவருடைய அட்டை உங்களிடம் இருக்கும்வரை அவர் உங்களிடம் கோபப்பட முடியாது. "இன்றைக்குப் பேசப் பிடிக்கவில்லை, போங்கள்" என்று சொல்ல முடியாது. இப்போது சதுரங்கத்தில் உங்களைத் தோற்கடித்துவிட்டுச் சிரிக்கிறார் அல்லவா, அந்தச் சமநிலை போய்விடும். நட்பு என்றால் இரண்டு பேருக்கும் எழுந்துபோகும் உரிமை இருக்க வேண்டும்.

சரி, வேறு வழி என்ன? அவரையும் கூட்டிக்கொண்டு நகலகத்துக்குப் போங்கள். ஒவ்வொரு காகிதத்துக்கும் இரண்டு நகல் எடுங்கள். ஒன்று அவருக்கு, ஒன்று உங்களில் ஒருவருக்கு. நான்கு பேருக்கும் வேண்டாம். செல்பேசியில் படம் எடுப்பதாக இருந்தால் அவரைக் கேட்டுவிட்டு எடுங்கள். உங்கள் குழுவில் பகிரவே பகிராதீர்கள். குழுவில் போட்ட படம் எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. அசல் நனையாதபடி ஒரு ஜிப் கவரில் போட்டு, சட்டைக்கு உள்ளே கழுத்தில் தொங்கும் துணிப்பைக்குள் வைக்கச் சொல்லுங்கள். மூட்டைக்குள் வேண்டாம். தூங்கும்போது முதலில் காணாமல் போவது மூட்டைதான். திருடர்கள் மட்டும் இல்லை, விடிகாலையில் இடத்தைச் சுத்தம் செய்ய வருபவர்களும் அதைக் குப்பை என்று அள்ளிப் போட்டுவிடுகிறார்கள். பக்கத்தில் தங்குமிடமோ பகல்நேர மையமோ இருந்து, அங்கே பூட்டும் பெட்டி கொடுத்தால் இன்னும் நல்லது. ரசீது அவர் பெயரில் இருக்க வேண்டும், எடுக்கும் உரிமையும் அவருக்கு மட்டுமே இருக்க வேண்டும்.

இப்போது அந்த ஆளைப் பற்றி. இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வேலையில் நான் அதிகமாகப் பயப்படுவது தெருவின் இருட்டையோ குடிகாரர்களையோ அல்ல, "ஒரே ஒரு நாள் கொடுங்கள், வேலையை முடித்துத் தந்துவிடுகிறேன்" என்று நல்ல சட்டை போட்டுக்கொண்டு வருபவர்களைத்தான். அந்த ஒரு நாளில் என்னென்ன நடக்கும் தெரியுமா? அவர் பெயரில் சிம் கார்டு வாங்கலாம். வங்கிக் கணக்கு திறந்து, யாரையோ ஏமாற்றிப் பறித்த பணத்தை அதன் வழியாகக் கடத்தலாம். கடன் வாங்கலாம். அரசு உதவிக்கு உண்மையாகவே விண்ணப்பித்து, பணம் வந்து சேரும் இடத்தில் தன் கணக்கு எண்ணை எழுதலாம். வெற்றுத் தாளில் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிவிட்டால் இன்னும் சுலபம். நான் நான்கு வருடம் பழகிய ஒருவரை இப்படித்தான் ஒரு காலையில் காவலர்கள் தேடி வந்தார்கள். வங்கியின் வாசல்படியைக்கூட மிதிக்காத மனிதர் அவர். அவர் பெயரில் கணக்கு இருந்தது. "நான் இல்லை" என்று நிரூபிக்க அவர் பட்ட பாட்டை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

இன்னொரு வகை, "வேலை, சாப்பாடு, தங்க இடம் எல்லாம் தருகிறோம், அட்டையை மட்டும் எங்களிடம் கொடுத்து வையுங்கள்" என்று அழைத்துப் போவது. கட்டாய உழைப்பைக் கண்டுபிடிக்க உதவும் 11 அறிகுறிகளைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு பட்டியலிட்டிருக்கிறது. அடையாள ஆவணங்களைப் பிடித்து வைத்துக்கொள்வது அவற்றில் ஒன்று. காகிதத்தைப் பிடித்தால் ஆளைப் பிடித்த மாதிரி என்று அவர்களுக்குத் தெரியும்.

உங்களிடம் வந்தவரைச் சோதிக்க ஒரு கேள்வி போதும்: "காகிதம் எதற்கு, நாங்களும் பெரியவரும் உங்களோடு அந்த அலுவலகத்துக்கே வருகிறோம், எந்த அலுவலகம், எப்போது?" உண்மையான சமூகப் பணியாளர் ஆளைக் கூட்டிக்கொண்டு போவார், காகிதத்தை அல்ல. தன் அடையாள அட்டையை முதலில் காட்டுவார், பெரியவரிடம் பணம் கேட்க மாட்டார். தரகர் "அதெல்லாம் உங்களுக்குப் புரியாது" என்பார். அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தரகர்களை வளர்த்துவிட்டது யார் என்பதையும் சொல்லியாக வேண்டும். முகவரி இல்லாமல் அட்டை கிடையாது, அட்டை இல்லாமல் வீடு கிடையாது, வீடு இல்லாமல் முகவரி கிடையாது. இந்தச் சக்கரத்தில் எத்தனை பேரோடு எத்தனை கவுண்டர்களில் நின்றிருப்பேன்! 'நிரந்தர முகவரி' என்ற கட்டத்துக்கு எதிரே ஒரு முதியவர் பேனாவைப் பிடித்தபடி உறைந்து நிற்பதைப் பார்த்தால் உங்களுக்கும் வயிறு எரியும். 2030க்குள் எல்லோருக்கும் சட்டப்படியான அடையாளம் என்று ஐ.நா.வில் உலக நாடுகள் 2015ல் ஒப்புக்கொண்டன. படிவத்தில் அந்தக் கட்டம் இன்னும் அப்படியே இருக்கிறது. நேர்வழி அடைபட்டுக் கிடக்கும்போதுதான் குறுக்குவழிக்காரர் கடவுள் மாதிரித் தெரிகிறார். முடியாத காரியமா இது? 1992ல் நியூயார்க்கில் சாம் செம்பரிஸ் என்ற உளவியலாளர், முதலில் வீட்டைக் கொடுப்போம், மற்றதெல்லாம் பிறகு என்று தொடங்கினார். பின்லாந்து 2008ல் அதையே தேசியத் திட்டமாக எடுத்துக்கொண்டது. வாடகை ஒப்பந்தம் வீடு பெறுபவரின் பெயரிலேயே எழுதப்படுகிறது. நீண்டகாலமாக வீடின்றி இருந்தவர்களின் எண்ணிக்கை அங்கே வெகுவாகக் குறைந்தது.

அசலை வாங்கவே கூடாது என்றேன். அதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு: அவர் மருத்துவமனையில் சேரும்போது. உடைகளை மாற்றுவார்கள், படுக்கையை மாற்றுவார்கள், பைகள் தொலையும். அப்போது அவர் கேட்டால் வாங்குங்கள். ஆனால் முறையாக வாங்குங்கள். என்னென்ன காகிதம், மொத்தம் எத்தனை என்று ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, இரண்டு பேரும் கையெழுத்திடுங்கள். தாளின் ஒரு பிரதி அவரிடம் இருக்கட்டும். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாவிட்டால், செவிலியர் ஒருவரைச் சாட்சியாக வைத்துக்கொண்டு வாய்விட்டுப் படித்துக் காட்டிவிட்டுக் கைநாட்டு வாங்குங்கள். காகிதங்கள் யாரிடம் இருக்கின்றன என்று வார்டிலும் சொல்லிவிட்டு வாருங்கள். மயக்கம் தெளிந்து, கொடுத்ததே நினைவில்லாமல் அவர் சத்தம் போட்டால் கோபப்படாதீர்கள், அந்தத் தாளைக் காட்டுங்கள். வீடு திரும்பும் நாள் என்று சொல்ல அவருக்கு வீடு இல்லை, அதனால் எந்த நேரத்தில் வெளியே அனுப்புவார்கள் என்று முன்பே கேட்டு வைத்து, அந்த நேரத்துக்கு வாசலில் நில்லுங்கள். அன்றைக்கே, அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். "இருக்கட்டும், நீயே வெச்சுக்கோ" என்று அவர் மறுபடி சொன்னாலும்தான்.

பணத்துக்கு இந்த விலக்கெல்லாம் கிடையாது. சேமிக்க விரும்பினால் அவர் பெயரில் கணக்கு திறக்கக் கூடப் போங்கள், ரகசிய எண்ணை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டாம்.

உங்கள் மாலைகள் நிற்க வேண்டாம். இரண்டு பேராகவே போங்கள். வர முடியாத வாரத்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் நின்றுபோன நண்பர்கள் அவருக்கு ஏற்கெனவே நிறைய இருந்திருப்பார்கள்.

கடைசியாக ஒன்று. நீங்கள் மறுத்த பிறகு, அவரே காகிதங்களை அந்த ஆளிடம் கொடுத்திருக்கவும் வாய்ப்பு உண்டு. அடுத்த முறை போனதும் முதலில் அதை விசாரியுங்கள், திட்டாமல் விசாரியுங்கள். கொடுத்துவிட்டார் என்றால் அன்றைக்கே அவருடன் காவல் நிலையம் போய் எழுத்தில் புகார் கொடுத்து, நாளும் நேரமும் உள்ள ரசீதை வாங்குங்கள். நாளை அவர் பெயரில் எது நடந்தாலும் அவருக்குத் துணை நிற்கப்போவது அந்த ரசீதுதான். அதன் நகல் ஒன்று உங்களிடமும் இருக்கட்டும்.